அழுகையும் ஆறுதலும்

தமிழர் வாழ்வில் இழப்பு நேர்ந்த வீட்டிற்கு ஊரே வந்து அமர்வது மரபு. ஒப்பாரி எழும், உறவினர் கைபற்றி அழுவர், கருமாதி முடியும்வரை அவ்வீட்டில் ஆள்நடமாட்டம் குறையாது. துயருற்றவரைத் தனித்து விடலாகாது என்னும் பட்டறிவே இச்சடங்குகள் அனைத்திற்கும் அடிப்படை. ஆயின், கருவைக் கலைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவள் அழுதால் ஏன் அழுகிறாய் என்பார். அழாவிடின் உனக்கு நெஞ்சில்லையா என்பார். பெரும்பாலும் இவ்விரண்டும் கேட்கப்படுவதற்கு இடமின்றி, நிகழ்ந்தது நிகழாததுபோல் மறைக்கப்பட்டுவிடும். இவ்வாறு மறைக்கப்பட்ட மனநிலையை இலக்கியம் எங்ஙனம் மொழிப்படுத்தியுள்ளது, அதனைக் கற்போர் ஆறுதல் என்பதன் இயல்பைப் பற்றி யாது அறியலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருள் நம் மண்ணுக்குப் புறம்பானதன்று. சிங்கப்பூரில் கருக்கலைப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு, 1970இல் நடைமுறைக்கு வந்தது. 1974இல் மேலும் தளர்த்தப்பட்டது. கருவைக் கலைப்பதற்கு முன் ஆலோசனை பெறுதல் 1987இல் ஒரு சாராருக்கும், 2015இல் பெண்கள் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மலேசியாவில் குற்றவியல் தொகுப்பு 1989இல் திருத்தப்பட்டு, தாயின் உயிருக்கு மட்டுமன்றி அவளுடைய உடல்நலத்திற்கும் மனநலத்திற்கும் கேடு நேருமென மருத்துவர் கருதும்போதும் கருக்கலைப்பிற்கு இடமளிக்கப்பட்டது. சட்டத்தின் பார்வை பெரிதும் செயலுக்கு முந்திய நாள்களின் மீதே விழுகிறது. செய்யலாமா, எப்போது செய்யலாம், யார் செய்யலாம் என்பனவே அதன் வினாக்கள். செயலுக்குப் பிந்திய நாள்களைச் சட்டத்தால் அளக்க இயலாது. அவை ஒரு பெண்ணின் மனத்துள்ளும், அவளைச் சுற்றியிருப்போரின் நாவிலும் உள்ளன.

துயர் எல்லார்க்கும் ஒன்றா?

இலக்கியத்தை நோக்குமுன் ஒரு மயக்கத்தை அகற்றுதல் வேண்டும். கருவைக் கலைத்த பெண் ஒவ்வொருத்தியும் ஆறாத் துயரில் அழுந்துவாள் என்பர் ஒரு சாரார். யாதொரு வருத்தமும் எஞ்சுவதில்லை என்பர் மற்றொரு சாரார். அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை, விரும்பாத கருவை முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறை கலைத்துக்கொண்ட பெண்களுக்கு, அத்தகைய கருவைப் பெற்றெடுத்தவர்களைவிட மனநோய் மிகுதியாக வருவதில்லை என்று கண்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தார் 2008 முதல் 2010 வரை 30 மருத்துவ நிலையங்களில் ஏறத்தாழ 1,000 பெண்களைத் தேர்ந்து, ஐந்தாண்டுகள் தொடர்ந்து வினவினர். மிகுதியாகக் கூறப்பட்ட உணர்வு விடுதலையுணர்வே. ஆயினும் வருத்தமும் குற்றவுணர்வும் சிலரிடம் இருந்தன. ஊர் பழிக்கும் என்று அஞ்சியோரிடமும், துணைநிற்போர் குறைந்தவரிடமும் அவ்வுணர்வுகள் மிகுந்திருந்தன.

இம்முடிவு ஊன்றி நோக்கத்தக்கது. வருந்துவாளா மாட்டாளா என்பது பெண்ணுக்குப் பெண் வேறுபடும். ஆனால் வருந்துபவளின் சுமை கூடுவதும் குறைவதும் அவளைச் சூழ்ந்தவர்களைப் பொறுத்தும் அமைகின்றது. கென்னத் டோக்கா என்னும் அமெரிக்க அறிஞர், ஊரார் ஏற்காத, வெளிப்படையாக அழமுடியாத, பிறர் துணை கிட்டாத துயருக்கு ‘உரிமை மறுக்கப்பட்ட துயர்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவர்தம் நூல் வெளிவந்த ஆண்டு 1989. அழுவதற்கும் உரிமை வேண்டும் என்பது அப்பெயருக்குள் அடங்கிய உண்மை.

தொல்காப்பியம் தரும் அளவுகோல்

அழுகையின் வகையறிய மேனாட்டு உளவியலை மட்டுமே நாட வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. உற்றாரையோ உரியதையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதல் அசைவு. விரும்பியதை நுகரப்பெறாத ஏக்கம் வறுமை. அழுகை ஒன்றாகத் தோன்றினும் அதன் வேர் நான்கு இடங்களில் ஊன்றியிருக்கலாம் என்பது இப்பகுப்பின் நுட்பம். வேர் எதுவென்று அறியாமல் கூறும் ஆறுதல், நோய் நாடாமல் கொடுத்த மருந்தாகவே முடியும். கருக்கலைப்பைப் பொருளாகக் கொண்ட மேனாட்டுப் படைப்புகள் மூன்றினை இவ்வளவுகோல் கொண்டு நோக்கலாம்.

அசைவு: எமிங்வேயின் சிறுகதை

எர்னஸ்ட் எமிங்வேயின் ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ 1927இல் வெளிவந்தது. இசுப்பானிய நாட்டில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு தொடர்வண்டி நிலையம். பார்சலோனாவிலிருந்து மத்ரீத் செல்லும் வண்டிக்காக அமெரிக்க ஆடவன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் காத்திருக்கின்றனர். கருக்கலைப்பு என்னும் சொல் கதை முழுதும் ஓரிடத்தும் இல்லை. அது மிக எளிய சிகிச்சை என்கிறான் அவன். அவள் விரும்பாவிடின் வேண்டாம் என்றும் சொல்கிறான். சொல்லிவிட்டு, மீண்டும் மீண்டும் அப்பேச்சிற்கே அவளை இழுத்து வருகிறான். பொறுக்கலாற்றாத அவள் இறுதியில், தயவுசெய்து பேச்சை நிறுத்துமாறு பன்முறை இரந்து வேண்டுகிறாள்.

இக்கதையின் சிறப்பு, ஆறுதலின் உடையணிந்து வரும் வற்புறுத்தலைத் தோலுரித்துக் காட்டுவதாகும். அவன் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்து நோக்கின் அன்பு மொழிகளே. சேர்த்து நோக்கின், அவளுடைய மனத்தைக் கேட்க அவனிடம் ஒரு வினாவும் இல்லை. முன்போல் இருவரும் மகிழ்ந்திருக்கலாம் என்று அவன் நம்புகிறான். பழைய நிலை இனி மீளாதென அவள் உணர்ந்துவிட்டாள். இதுவே அசைவு. அவள் கண்ணீர் சிந்துவதில்லை. கதை முடிவில், தனக்கு ஒரு குறையுமில்லை என்றே கூறுகிறாள். இவ்விடத்தில் ஆசிரியர் ஒரு சொல்லும் கூட்டாமல் கதையை முடித்துவிடுகிறார். நலமாயிருக்கிறேன் என்னும் விடையை நம்பி எழுந்துபோகிறவர் எத்துணைப் பேர் என்பதை எண்ணிப் பார்க்க வைப்பது அம்முடிவு.

குறையும் ஒன்று உண்டு. கதை செயலுக்கு முன்னரே நின்றுவிடுகிறது. அப்பெண் என்ன முடிவெடுத்தாள், பின்னர் எவ்வாறு வாழ்ந்தாள் என்பன கதைக்குப் புறத்தே உள்ளன. கேளாமையின் விதையை எமிங்வே காட்டினார். அதன் விளைவை அறியப் பிறரிடம் செல்லவேண்டியுள்ளது.

இழவும் வறுமையும்: புரூக்சின் கவிதை

குவெண்டலின் புரூக்ஸ் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர். சிகாகோ நகரின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பிரான்சுவில் பகுதியே அவருடைய கவிதைக் களம். 1945இல் வெளிவந்த அவர்தம் முதல் தொகுதியில் ‘தாய்’ என்னும் கவிதை இடம்பெற்றது. கருக்கலைப்பு அங்குச் சட்டத்திற்கு மாறாக இருந்த காலம் அது. பதிப்பகத்தின் வேண்டுகோளுக்கிணங்கக் கைப்படியைப் படித்த நாவலாசிரியர் ரிச்சர்டு ரைட், தொகுதியைப் போற்றினார்; ஆயின் இவ்வொரு கவிதையின் பொருள் கவிதைக்கு உரியதா என்று ஐயுற்றார். புரூக்ஸ் அதனை நீக்க உடன்படவில்லை. பின்னர் 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் என்னும் பெருமை அவரை அடைந்தது.

கருக்கலைத்த பெண்ணொருத்திக்குப் புரூக்ஸ் இட்ட பெயர் ‘தாய்’ என்பதைக் காண்க. அத்தலைப்பைக் கண்டனமாகக் கொண்டாரும் உளர். கவிதையின் போக்கு அக்கருத்துக்கு இடந்தருவதாக இல்லை. தொடக்கத்தில் பேசுபவள் ‘நீ’ என்று பொதுவில் பேசுகிறாள். யாருக்கோ நிகழ்ந்ததைக் கூறுவதுபோல் விலகி நிற்கிறாள். இடையில் ‘நான்’ என்று தன்மைக்கு வருகிறாள். பின்னர்ப் பிறவாத குழந்தைகளையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறாள். தான் செய்தது யாதென ஒரு சொல் சொல்வாள். அது பொருந்தாதென உடனே மறுப்பாள். வேறொரு சொல் தேடுவாள். உண்மையைச் சொல்லும் வழி தெரியாமல் தடுமாறும் நாவின் இயக்கமே இக்கவிதையின் யாப்பு எனலாம்.

இவ்வழுகையை இழவு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. அவள் எண்ணிக் கலங்குபவை பெரும்பாலும் பெற்று இழந்தவை அல்ல, பெறாமற் போனவை. அக்குழந்தைகளைக் கொஞ்சியிருப்பாள், கடிந்தும் இருப்பாள், தின்பண்டம் தந்து அவர்தம் வாயை அடைத்திருப்பாள். தொல்காப்பியர் கூறிய வறுமை இதுவே. நுகரப்பெறாதவற்றின் பட்டியல் அவள் நெஞ்சில் நீள்கிறது. தன்னை நல்ல தாயாக மட்டும் கற்பனை செய்யாமல், அடித்திருக்கவும் கூடும் என்று அவள் ஒப்புக்கொள்வதே அக்கவிதையின் நேர்மைக்குச் சான்று. முடிவில் எஞ்சுவது அன்பு. செய்ததற்கு வருந்துகிறாளா, வேறு வழியின்மையைச் சொல்கிறாளா என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் ஒருங்கே நிற்கின்றன.

இதனைப் படிப்பவர் ஒன்றை மறத்தல் கூடாது. தன் நெஞ்சைத் திறந்து பேச அவளுக்குக் கிட்டிய செவிகள், பிறவாத செவிகள் மட்டுமே. வாழ்வோருள் அவளைக் கேட்க ஒருவரும் கவிதையில் வரவில்லை.

இளிவு: எர்னோவின் நூல்

பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோ 2022இல் நோபல் பரிசு பெற்றவர். ‘நிகழ்ச்சி’ என்னும் பொருளுடைய அவருடைய நூல் 2000இல் வெளிவந்தது. 1963ஆம் ஆண்டின் இறுதியில், ரூவான் நகரில் மாணவியாக இருந்தபோது கருவுற்றதையும், 1964 சனவரியில் மறைவாக அதனைக் கலைத்துக்கொண்டதையும் அந்நூல் உரைக்கிறது. பிரான்சில் அச்செயல் அன்று குற்றம். சிமோன் வெய் அம்மையார் கொணர்ந்த சட்டம் 1975இல்தான் அதனை அனுமதித்தது. நிகழ்ந்ததற்கும் எழுதியதற்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. 1974இல் தம் முதல் நாவலில் இதனைக் கற்பனைப் பாத்திரத்தின்மேல் ஏற்றிப் பேசியவர், தம் பெயரில் கூறுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு காத்திருந்தார்.

எர்னோவின் நடை அணியற்றது. அழுகையை வருவிக்கும் சொல் ஒன்றும் இல்லை. அதனால் இந்நூலை உணர்ச்சியற்றது என்போர் உண்டு. ஆயினும் அவ்வறட்சி ஒரு பயனைக் கருதியது. படிப்போர் இரங்குவதற்கோ வெறுப்பதற்கோ முன்னரே வழியமைத்துத் தராமல், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே வைப்பதால், தீர்ப்புச் சொல்ல விரையும் மனம் சற்றே நின்று கேட்கக் கற்கிறது.

நூலின் கொடிய பகுதி மருத்துவமனையில் நிகழ்கிறது. குருதி பெருகி உயிர் ஊசலாடும் நிலையில் கொண்டுவரப்பட்ட பெண்ணிடம் இளம் மருத்துவர் ஒருவர் தம் தொழிலைத் தாழ்த்திய ஒருத்தியிடம் பேசுவதுபோல் இழித்துக் கூவுகிறார். அவள் தம்மைப்போல் பல்கலைக்கழகத்தில் பயில்பவள் என்று அறிந்திருந்தால் அங்ஙனம் பேசியிருக்கமாட்டார் என்பது பின்னர்த் தெரியவருகிறது. ஏழைத் தொழிலாளிப் பெண்ணாயின் இழிவு தகும் என்பது அதன் பொருள். இளிவு என்னும் அழுகைக்களனுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. ஆறுதல் நாடி அவர் பாவமன்னிப்புக் கேட்கச் சென்ற இடத்திலும், கேட்பவரின் கண்ணில் தாம் குற்றவாளியாக மாறியதையே உணர்கிறார்.

துணை வேறிடத்திலிருந்து வந்தது. முன்பு தானும் அவ்வழியே சென்ற பெண்ணொருத்தி முகவரியும் பணமும் தந்தாள். இடுக்கண் நேர்ந்த இரவில் உடனிருந்தவள் விடுதித் தோழி. இருவரும் அறிவுரை கூறியவர்கள் அல்லர், அருகில் நின்றவர்கள்.

நூலின் இறுதிப் பகுதியில் எர்னோ கூறும் ஒரு கருத்து எண்ணத்தக்கது. இந்நிகழ்ச்சி தொடர்பாகத் தமக்கிருந்த ஒரே குற்றவுணர்வு, அது தமக்கு நேர்ந்தும் அதனைக் கொண்டு தாம் ஒன்றும் செய்யாதிருந்ததே என்றும், எழுதியதால் அது நீங்கிற்று என்றும் அவர் உரைக்கிறார். செயலைப் பற்றிய குற்றவுணர்வு இருந்தே தீரும் என்று கருதிப் படிக்கத் தொடங்கியவர் இவ்விடத்தில் திகைப்பர். அவரை அழுத்தியது சொல்லாமை.

கேட்போர் கடமை

மூன்று படைப்புகளிலும் வரும் பெண்கள் வேறுவேறு சூழலினர். அவர்தம் மனநிலைகளும் வேறு. ஒருத்தி பேச்சை நிறுத்தக் கேட்கிறாள். ஒருத்தி பிறவாதவரிடம் பேசுகிறாள். ஒருத்தி முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தாளிடம் பேசுகிறாள். மூவர்க்கும் பொதுவானது தக்க செவி கிட்டாமை. இப்படைப்புகளைக் கருக்கலைப்புக்குச் சார்பானவை, எதிரானவை என்று இரு கூறாக்கி வாதிடும் திறனாய்வு, அச்செவிகள் செய்த தவற்றையே மீண்டும் செய்கிறது. பேசுபவள் சொல்லி முடிக்குமுன் தீர்ப்பை எழுதிவிடும் தவறு அது. கருக்கலைப்பைப் பற்றிய அறக்கொள்கை ஒவ்வொருவர்க்கும் அவரவர் சமயத்திற்கும் எண்ணத்திற்கும் ஏற்ப அமையும். ஆயின், முன்னே அமர்ந்து அழுபவளிடம் அக்கொள்கையை ஓதுவது ஆறுதலாகாது.

உளவள ஆலோசனையின் அடிப்படையும் இதுவே. அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலில், நாடி வந்தவரை நிபந்தனையின்றி மதித்தலும், அவருடைய நிலையில் நின்று உணர்தலும் ஆலோசகரின் கடமைகள் என விளக்கினார். கருக்கலைப்பிற்குப் பின் ஒருத்தியைச் சந்திக்கும் நல்ல ஆலோசகர், உனக்குத் துன்பமாக இருக்குமே என்றும் தொடங்குவதில்லை. இனிக் கவலை விட்டது என்றும் தொடங்குவதில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பார். வந்த விடை இளிவா, இழவா, அசைவா, வறுமையா என்று நுனித்தறிவார். இகழப்பட்டவளுக்கு மதிப்பு வேண்டும். இழந்தவளுக்கு அழ இடம் வேண்டும். உறவு குலைந்தவளுக்கு அக்குலைவைப் பற்றிப் பேச வேண்டும். பெறாததை எண்ணி ஏங்குபவளுக்கு அவ்வேக்கத்தைப் பெயரிட்டுச் சொல்ல உரிமை வேண்டும். விடுதலையுணர்வு ஒன்றே உடையவளாயின் அதனையும் ஐயமின்றி ஏற்றல் வேண்டும். உறக்கமும் உணவும் நாள்கணக்கில் கெட்டு, உயிர்வாழ விருப்பின்றிப் பேசுபவளைக் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும்.

தமிழிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கருக்கலைப்பைப் பற்றிய கதையன்று. ஆயினும் மீளமுடியாத ஒன்று நேர்ந்தபின் வீடு திரும்பிய பெண்ணிடம் முதலில் கேட்கும் குரல் எதுவென்பதே அதன் உயிர்நிலை. 1966இல் வெளிவந்த அக்கதையில், தாய் முதலில் மகளை அடிக்கத்தான் செய்கிறாள். பின்னர் அக்கம்பக்கத்தார் அறியாமல் மறைத்து, தலையில் நீரூற்றி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். சில ஆண்டுகளுக்குப்பின் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், தாய் கூக்குரலிட்டு ஊரறியச் செய்தால் என்னாகும் என்பதை ஜெயகாந்தன் ஆராய்கிறார். நிகழ்ந்தது ஒன்றே, சொல் வேறு. அச்சொல்லால் கங்கையின் வாழ்வு முழுவதும் திசைமாறிப் போகிறது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவலைப் பாத்திரப் படைப்பிற்காகவே பெரிதும் கற்பிக்கின்றனர். வீடு திரும்பியவளிடம் பேசப்படும் முதற்சொல்லின் பொறுப்பை உணர்த்துவதற்கும் அவ்விரு படைப்புகளையும் இணைத்துக் கற்பிக்கலாம்.

வகுப்பறையில் இத்தகைய படைப்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். அங்கே அமர்ந்திருக்கும் மாணவியருள் ஒருத்திக்கோ, அவள் தாய்க்கோ தமக்கைக்கோ இது நேர்ந்திருக்கலாம். பாத்திரத்தின்மேல் வீசப்படும் இழிசொல், முகந்தெரியாத அவள்மேலும் விழும். எனவே ‘இவள் செய்தது சரியா’ என்னும் வினாவைப் பின்தள்ளி, ‘இவள் சொல்வது யாது, யாரிடம் சொல்கிறாள், கேட்டவர் என்ன செய்தார்’ என்னும் வினாக்களை முன்வைத்தல் தக்கது. அவ்வினாக்கள் இலக்கியத் திறனாய்வுக்கும் உரியன. பின்னொரு நாள் அம்மாணவருள் ஒருவரிடம் தோழியொருத்தி வந்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கக்கூடும். அன்று குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சியை அவர் பெற்றிருப்பின், இலக்கியக் கல்வி தன் கடமையைச் செய்ததாகும்.